ஜெர்மனி நவநாஜிகளை எப்படித் தடை செய்கிறது, எங்கே கோட்டை விட்டது?

கேள்வி இது: "ஹிட்லர் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் நடந்தாலே வழக்குப் போடும் நாடு ஜெர்மனி. அப்படிப்பட்ட நாட்டில் மூன்றே பேர் கொண்ட நவநாஜிக் கும்பல் பத்துப் பேரைக் கொன்றுவிட்டு 13 ஆண்டுகள் எப்படி அகப்படாமல் இருந்தது? இந்த மாதிரி அமைப்புகளை அரசு தடை செய்யவே முடியாதா?"

தடை செய்ய முடியும், செய்தும் வருகிறார்கள். தடைச் சட்டத்தின் கூர்மையில் பெரிய குறை இல்லை. ஓட்டை வேறு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, அரசே பணம் கொடுத்து அந்தக் கும்பல்களுக்குள் வைத்திருந்த தகவலாளிகள். இன்னொன்று, கொலை நடந்த கையோடு காவல் அதிகாரி கோப்பில் 'காரணம்' என்று என்ன எழுதினார் என்பது. இந்த இரண்டும் புரிய வேண்டுமானால் முதலில் தடை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

'தடை' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது அங்கே மூன்று தனித்தனிச் சட்டங்கள். சின்னத்துக்கும் பேச்சுக்கும் ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. மூன்றையும் மூன்று வெவ்வேறு கைகள் இயக்குகின்றன.

சின்னம் எளிது. குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு: தடை செய்யப்பட்ட அமைப்பின் கொடி, முத்திரை, சீருடை, கோஷம், கையை நீட்டும் வணக்கம் எதைப் பொதுவில் காட்டினாலும் மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம். பிரிவு 130 வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்கு. மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை. கலை, ஆய்வு, கல்வி, நாஜி எதிர்ப்பு இவற்றுக்கு விலக்கு உண்டு. ஸ்வஸ்திகாவைக் குப்பைத்தொட்டியில் போடுவதுபோல் வரைந்த எதிர்ப்புப் படங்களுக்கே ஒரு கீழ்நீதிமன்றம் அபராதம் விதித்து, 2007-இல் உச்ச நிலை நீதிமன்றம் அதைத் திருத்த வேண்டியிருந்தது. (ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் மாதிரி இடங்களில் இருக்கும் ஸ்வஸ்திகாவை இந்தப் பிரிவு குறிவைப்பதில்லை. அது தேடுவது அந்தக் கட்சியின் அடையாளத்தை.) நவநாஜிகளும் சளைத்தவர்கள் அல்லர். 'ஹெச்' ரோமன் வரிசையில் எட்டாவது எழுத்து என்பதால் 'ஹைல் ஹிட்லர்' என்பதை 88 ஆக்கிக்கொண்டார்கள். வெறும் 88 பொறித்த சட்டைக்காக ஒருவரைத் தண்டிப்பது கடினம். ஆக, சின்னச் சட்டம் தெருவைச் சுத்தமாக வைக்கும். ஆளைப் பிடித்துக் கொடுக்காது.

இரண்டாவது, சங்கத் தடை. நிஜமான பலம் இங்கேதான். அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு சொல்வது: குற்றச் செயலையே நோக்கமாகக் கொண்ட, அல்லது அரசமைப்பு ஒழுங்கையோ மக்களினங்களுக்கிடையிலான நல்லுறவையோ எதிர்க்கும் சங்கங்கள் தடைக்குரியவை. நடைமுறையை 1964-ஆம் ஆண்டின் சங்கச் சட்டம் வகுக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கம் என்றால் அந்த மாநில உள்துறை அமைச்சர் தடை செய்வார். மாநில எல்லையைத் தாண்டினால் கூட்டாட்சி உள்துறை அமைச்சர். நீதிமன்றத்தைக் கேட்டுத் தடை செய்வதில்லை. ஆணை போட்டுவிட்டுத்தான் நீதிமன்றம்.

நடப்பது இப்படி. மாதக்கணக்கில் கோப்பு தயாராகும். பொறுப்பாளர்கள் யார், சந்தா யார் கையில், வங்கிக் கணக்கு எது, இசை நிகழ்ச்சிக்கும் துண்டறிக்கைக்கும் யார் பணம் தருகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்கள். வீட்டுச் சோதனைக்கு நிர்வாக நீதிமன்றத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி வைப்பார்கள். நிர்வாகச் சட்டப்படி ஆணைக்கு முன் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும். ஆனால் கேட்டால் மறுநாளே கணக்கு காலியாகிவிடும், கணினிகள் அழிக்கப்படும் என்று எழுதிக் காரணம் காட்டி அந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். பிறகு ஒரு நாள் விடியற்காலை, பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் கதவு தட்டப்படும். வாசலிலேயே ஆணையைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். சங்கத்தின் பணம், பொருள், இணையதளம் எல்லாம் அரசுக்குப் போகும். சுருக்கம் கூட்டாட்சி அரசிதழில் வெளியாகும். கூட்டாட்சி ஆணையென்றால் சங்கம் ஒரு மாதத்துக்குள் லைப்சிக் நகரிலுள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். அதுவே முதல் நீதிமன்றம், அதுவே கடைசி. தடைக்குப் பிறகும் அந்தச் சங்கத்தைப் பிடித்துக்கொண்டு நடத்தினால் தொண்டருக்கு மூன்றாண்டு வரை, தலைமைக்கு ஐந்தாண்டு வரை சிறை. பெயரை மாற்றிக்கொண்டு அதே ஆட்கள் அதே வேலையைத் தொடர்ந்தால் 'மாற்று அமைப்பு' என்று சொல்லி அதையும் மூடலாம்.

1992 நவம்பர் 23 அன்று மோல்ன் நகரில் துருக்கியக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளுக்குத் தீ வைத்து மூன்று பேரைக் கொன்றார்கள். நான்காம் நாள் 'நாட்சியோனலிஸ்டிஷ ஃப்ரோன்ட்' என்ற நவநாஜிச் சங்கம் தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னும் இரண்டு கூட்டாட்சித் தடைகள் வந்தன. 1994-இல் வீக்கிங் யூகெண்ட், 2000-இல் பிளட் அண்ட் ஆனர், 2009-இல் ஹைமாட்ரோய டொய்ச்ச யூகெண்ட், 2020-இல் கோம்பாட் 18 என்று பட்டியல் நீளும். வேகத்தைப் பாராட்டலாம். ஆனால் அதே காலத்தில் அரசின் இன்னொரு கை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1992 ஆகஸ்டில் ரோஸ்டாக்கின் லிஷ்டென்ஹாகன் பகுதியில் பல நாள் கலவரம். மூன்றாம் நாள் இரவு காவல்துறை பின்வாங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வியட்நாமியர்கள் உள்ளே இருக்கும்போதே கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். கீழே ஆயிரக்கணக்கானோர் நின்று கைதட்டினார்கள். உள்ளே இருந்தவர்கள் கூரைவழியே ஏறி அடுத்த வாசலில் இறங்கித் தப்பினார்கள். அரசியல்வாதிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், அகதிகள் அதிகமாகிவிட்டார்கள் என்பது. 1993 மே 26 அன்று தஞ்ச உரிமையை வெட்டிக் குறைக்கும் அரசமைப்புத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மூன்றே நாளில், மே 29 அன்று, சோலிங்கனில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் வீடு கொளுத்தப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். தீ வைத்தால் சட்டம் மாறும் என்று அந்தத் தலைமுறை நவநாஜிகள் கற்றுக்கொண்டது இந்த ஓராண்டில்தான் என்பது என் கணிப்பு. பின்னால் கொலைகாரர்களானவர்கள் அப்போது கிழக்கு ஜெர்மனியில் பதின்பருவத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள்.

சங்கத் தடை சறுக்கும் இடம் எது? சங்கம் என்றால் பல பேர், நீண்ட காலத்துக்கு, ஒரு பொது நோக்கத்தோடு, ஒழுங்கான முடிவெடுக்கும் ஏற்பாட்டின் கீழ் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். பதிவு செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கட்டமைப்பு தெரிய வேண்டும். தொண்ணூறுகளின் தடைகளுக்குப் பிறகு நவநாஜிகள் செய்தது கட்டமைப்பையே கலைத்தது. 'சுதந்திரத் தோழமைகள்' என்று ஊருக்கு ஊர் 10, 20 பேர். உறுப்பினர் அட்டை கிடையாது, தலைவர் கிடையாது, கணக்குப் புத்தகம் கிடையாது. தடை ஆணையை யார் கையில் கொடுப்பது?

இன்னொரு தந்திரம், கட்சியாக மாறிவிடுவது. கட்சியை உள்துறை அமைச்சர் தொட முடியாது. 1980களில் ஆட்டம் போட்ட எஃப்ஏபி என்ற நவநாஜி அமைப்பு தன்னைக் கட்சி என்று சொல்லிக்கொண்டே பல ஆண்டுகளை ஓட்டியது. இது கட்சிக்குரிய லட்சணமே இல்லாத கூட்டம் என்று அரசமைப்பு நீதிமன்றம் 1994-இல் சொன்ன பிறகு, 1995-இல் சாதாரண சங்கமாகக் கருதித் தடை செய்தார்கள். 2012 ஆகஸ்டில் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலம் டோர்ட்முண்ட், ஹாம், ஆகன் வட்டாரத்துத் தோழமைகளைத் தடை செய்தது. சில வாரங்களில் டோர்ட்முண்ட் ஆட்கள் 'டி ரெஷ்ட' என்ற புதிய கட்சியின் மாவட்டக் கிளையாக அதே தெருவில் முளைத்தார்கள்.

கட்சித் தடை மூன்றாவது கருவி. அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி கார்ல்ஸ்ரூவேயிலுள்ள அரசமைப்பு நீதிமன்றம் மட்டுமே ஒரு கட்சியைத் தடை செய்யலாம். கீழவை, மாநிலங்களவை, கூட்டாட்சி அரசு இந்த மூன்றில் ஒன்று மனுப் போட வேண்டும். எட்டு நீதிபதிகள் கொண்ட அமர்வில் ஆறு பேர் சம்மதிக்க வேண்டும். இதுவரை நடந்தது இரண்டே தடை: 1952-இல் நாஜிக் கட்சியின் வாரிசான எஸ்ஆர்பி, 1956-இல் கம்யூனிஸ்ட் கட்சி.

என்பிடி என்ற தீவிர வலதுசாரிக் கட்சி மீது 2001-இல் மூன்று அமைப்புகளும் சேர்ந்தே மனுப் போட்டன. அங்கேதான் தகவலாளி விவகாரம் வெடித்தது. 'அரசமைப்புப் பாதுகாப்பு அலுவலகம்' என்று ஒரு உள்நாட்டு உளவுத்துறை உண்டு. கூட்டாட்சிக்கு ஒன்று, 16 மாநிலங்களுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று. கைது செய்யும் அதிகாரம் கிடையாது, காவல்துறையிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஹிட்லர் காலத்து ரகசியக் காவல்துறையான கெஸ்டாப்போவால் பட்ட அனுபவம். இவர்கள் நவநாஜிக் குழுவிலேயே ஒருவரைப் பிடித்து, மாதாமாதம் பணம் கொடுத்து, உள்விவகாரம் வாங்குவார்கள். அவருக்கு 'வி-மன்' என்று பெயர்; வி என்பது நம்பிக்கை என்ற சொல்லின் முதலெழுத்து. அவர் மாறுவேடமிட்ட அதிகாரி இல்லை. அசல் நவநாஜி, அப்படியே தொடர்பவர், கூடவே சம்பளம் வாங்குபவர். இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

என்பிடியின் கூட்டாட்சி, மாநில நிர்வாகக் குழுக்களில் ஏறக்குறைய 15 சதவீதம் வரை இப்படிப்பட்ட ஆட்கள் என்று தெரிய வந்தது. அரசின் மனுவில் 'பாருங்கள் எவ்வளவு கொடிய பேச்சு' என்று மேற்கோள் காட்டியவற்றில் சில, அரசிடமே பணம் வாங்கியவர்கள் பேசியவை. கட்சி பேசியதா, அரசு பேசியதா? 2003 மார்ச் 18 அன்று மூன்று நீதிபதிகள் இதைத் தாண்ட முடியாத தடங்கல் என்றார்கள். ஆறு பேர் கிடைக்க வழியில்லை, வழக்கு நின்றது. கட்சி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை.

பத்தாண்டு கழித்து, தலைமையிலிருந்த தகவலாளிகளை முதலில் விலக்கிவிட்டு, மாநிலங்களவை 2013 டிசம்பரில் மறுபடி மனுப் போட்டது. 2017 ஜனவரி 17 தீர்ப்பு: நோக்கம் அரசமைப்புக்கு விரோதமானதுதான், நாஜிக் கொள்கைக்கு நெருக்கமானதுதான், ஆனால் அதை நிறைவேற்றும் வலு இந்தக் கட்சிக்கு இல்லை, எனவே தடை இல்லை. வலுவில்லாதபோது தடை கூடாது, வலு வந்த பிறகு தடை செய்வது அரசியல்ரீதியாகக் கடினம். இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டதால் அதே ஆண்டு 21-ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு சேர்த்தார்கள்: தடை செய்யாமல், அரசு நிதியை மட்டும் நிறுத்தலாம். 2024 ஜனவரி 23 அன்று, 'டி ஹைமாட்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்த அந்தக் கட்சிக்கு ஆறாண்டுகளுக்கு நிதி நிறுத்தப்பட்டது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம்.

உவே முண்ட்லோஸ், உவே போன்ஹார்ட், பேயாட்டெ செப்பெ. மூவரும் தூரிங்கன் மாநிலத்தின் யேனா நகரத்துக்காரர்கள். 1998 ஜனவரி 26 அன்று காவல்துறை அவர்களுடைய கார் கொட்டகைகளைச் சோதனையிட்டது. ஒன்றில் குழாய் வெடிகுண்டுகளும் 1.4 கிலோ டிஎன்டியும் இருந்தன. கைது வாரண்ட் கையில் இல்லாததால் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே போன்ஹார்ட் தன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொட்டகையில் முண்ட்லோஸின் தொலைபேசி எண் பட்டியலும் கிடைத்தது. அதில் கெம்னிட்ஸ் தொடர்புகள் இருந்தன, அவர்கள் ஓடி ஒளிந்ததும் கெம்னிட்ஸில்தான். பட்டியலைப் பார்த்த அதிகாரி வழக்குக்குத் தேவையற்றது என்று ஒதுக்கிவிட்டார். வெடிகுண்டு வழக்கு 2003-இல் காலாவதி ஆனது. அதற்குள் நான்கு பேரைக் கொன்றிருந்தார்கள்.

அவர்களைச் சுற்றி அரசின் காதுகள் இல்லாமல் இல்லை. அவர்கள் இருந்த 'தூரிங்கர் ஹைமாட்ஷுட்ஸ்' அமைப்பின் தலைவர் டீனோ பிரான்ட் மாநில உளவுத்துறையின் சம்பளக்காரர். ஏறக்குறைய 2 லட்சம் மார்க் வாங்கினார். அதை இயக்கத்துக்கே செலவழித்தேன் என்று பிறகு அவரே சொன்னார். மூவருக்கும் டிஎன்டி வாங்கிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்ட சாக்சனிக்காரர் ஒருவர் 2000 முதல் பத்தாண்டு பெர்லின் காவல்துறையின் தகவலாளி. பிரான்டன்பர்க் மாநிலத்தில் 'பியாட்டோ' என்ற மறைபெயரில் ஒருவர். நைஜீரியர் ஒருவரைக் கொல்ல முயன்ற வழக்கில் சிறையில் இருந்தவரை அங்கிருந்தே தகவலாளியாக வைத்துக்கொண்டிருந்தார்கள். தலைமறைவான மூவரும் ஆயுதம் தேடுகிறார்கள் என்று 1998-லேயே அவர் சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் செய்தியைக் காவல்துறை வழக்கில் பயன்படுத்தினால் சொன்னவர் யார் என்று வெளியே வந்துவிடும். தகவலாளியைக் காப்பாற்றினார்கள், தகவல் கோப்பில் தூங்கியது.

சுருங்கச் சொன்னால் உளவுத்துறைக்கு ஆளைத் தெரியும், கொலையைத் தெரியாது. காவல்துறைக்குக் கொலையைத் தெரியும், ஆளைத் தெரியாது.

இனி கொலைகளைக் காவல்துறை எப்படிப் பார்த்தது என்பது. 2000 செப்டம்பர் 9, நியூரம்பர்க். சாலையோரத்தில் வேனை நிறுத்திப் பூ விற்ற என்வர் ஷிம்ஷெக் சுடப்பட்டார். அங்கிருந்து 2006 ஏப்ரலில் காசெல் வரை ஒன்பது சிறு வணிகர்கள், தொழிலாளர்கள். எட்டுப் பேர் துருக்கிய, குர்தியப் பின்புலம், ஒருவர் கிரேக்கர். ஒன்பதுக்கும் ஒரே செஸ்கா 83 துப்பாக்கி, 7.65 மில்லிமீட்டர். 2007-இல் ஹைல்பிரானில் ஒரு பெண் காவலர். நடுவே 2004 ஜூன் 9 அன்று கொலோனின் கோய்ப் தெருவில் ஆணி நிரப்பிய குண்டு, 22 பேருக்குக் காயம். மறுநாளே உள்துறை அமைச்சர் ஓட்டோ ஷிலி, பயங்கரவாதப் பின்னணிக்கு அறிகுறி இல்லை, குற்றவாளிகள் வட்டாரத்தைத்தான் காட்டுகிறது என்றார்.

பூ வாங்க நெதர்லாந்து போய் வந்தவர் என்பதால் ஷிம்ஷெக் போதைப்பொருள் கடத்தியிருப்பார் என்று தேடினார்கள். அவர் மனைவியிடம் ஒரு பொன்னிறக் கூந்தல் பெண்ணின் படத்தைக் காட்டி, உங்கள் கணவருக்கு இவளோடு தொடர்பு என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்படி ஒரு தொடர்பே கிடையாது, வாயைத் திறக்கவைக்கும் உத்தி. விசாரணைக் குழுவுக்கு வைத்த பெயர் 'போஸ்போரஸ்', துருக்கியிலுள்ள நீரிணையின் பெயர். கப்பம் கேட்டு மாஃபியா வரும் என்று காவல்துறையே ஒரு டோனர் (துருக்கியக் கபாப்) கடையை நடத்திக் காத்திருந்தது. யாரும் வரவில்லை. நியூரம்பர்க்கிலும் கொலோனிலும் இரண்டு சைக்கிள்காரர்கள் கண்ணில் பட்டிருந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. 2006-இல் மியூனிக் குற்ற ஆய்வாளர்கள் ஒரு முறை, துருக்கியர்மேல் வெறுப்பு கொண்டவர்களாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பிற மாநில அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. கூட்டாட்சிக் குற்றப் புலனாய்வு அலுவலகம் மொத்த வழக்கையும் எடுத்துக்கொள்கிறேன் என்றபோது மாநிலங்கள் விடவில்லை. காசெலிலும் டோர்ட்முண்டிலும் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் 'பத்தாவது பலி வேண்டாம்' என்று 2006-இலேயே ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பத்திரிகைகள் 'டோனர் கொலைகள்' என்று எழுதின. 2011-இன் மோசமான சொல்லாக அது தேர்வானது.

முடிவும் துப்பறிந்து வந்ததில்லை. 2011 நவம்பர் 4 அன்று ஐசனாக்கில் வங்கிக் கொள்ளைக்குப் பிறகு இரண்டு ஆண்களும் ஒரு வீட்டு வேனில் பிணமாகக் கிடந்தார்கள். செப்பெ ஸ்விக்காவ் வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு, தாங்களே கொன்றதாகச் சொல்லும் குறுந்தகடுகளைத் தபாலில் போட்டுவிட்டு, நான்கு நாள் கழித்துச் சரணடைந்தார். நவம்பர் 11 அன்று கூட்டாட்சி உளவுத்துறையில் ஒரு அதிகாரி, தூரிங்கன் தகவலாளிகளின் கோப்புகளைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட வைத்தார். துறைத் தலைவர் ஹைன்ஸ் ஃப்ரோம் அடுத்த ஆண்டு பதவி விலகினார். காசெல் கொலை நடந்த இணைய மையத்துக்கு அந்த நேரத்தில் ஹெஸ்ஸ மாநில உளவுத்துறை அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அந்த மாநிலத்தின் உள்ளாய்வு அறிக்கையை முதலில் 120 ஆண்டுக்கு ரகசியம் என்றார்கள், பிறகு 30 ஆகக் குறைத்தார்கள். மியூனிக்கில் 438 நாள் நடந்த வழக்கில் 2018 ஜூலை 11 அன்று செப்பெக்கு ஆயுள் தண்டனை.

இதற்குப் பிறகு மாறியது என்ன? நாடாளுமன்ற விசாரணைக் குழு 2013-இல் 47 பரிந்துரைகள் கொடுத்தது. உருப்படியானவை என்று நான் கருதுபவற்றை மட்டும் சொல்கிறேன். 2015-இல் உளவுத்துறைச் சட்டத்தில் தகவலாளிக்கு வரம்பு வந்தது: சிறுவர் கூடாது, இந்தப் பணமே வாழ்வாதாரம் என்ற நிலையில் இருப்பவர் கூடாது, கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் பொதுவாகக் கூடாது. பியாட்டோவை இன்று எடுக்க முயன்றால் இந்தக் கடைசி வரியில் இடறும். அதே ஆண்டு குற்றவியல் சட்டத்தில் தண்டனை அளவைக் கூறும் 46-ஆம் பிரிவில், இனவெறி, அயலார் வெறுப்பு நோக்கம் தண்டனையைக் கூட்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அரசு வழக்கறிஞர்களின் விதிமுறையில், இனவெறி நோக்கத்துக்கு அறிகுறி இருந்தால் அந்தத் திசையிலும் விசாரித்தே ஆக வேண்டும் என்று சேர்த்தார்கள். பார்வைக்குச் சின்ன வரி. ஆனால் ஷிம்ஷெக் கோப்பில் இல்லாமல் போனது இதுதான்.

இன்றும் இழுபறி கணக்கில் இருக்கிறது. அரசியல் நோக்கமுள்ள குற்றம் என்ற புள்ளிவிவர முறை 2001-இல் வந்தது. அதற்கு முன் அரசைக் கவிழ்க்கும் எண்ணம் தெரிந்தால்தான் தீவிரவாதக் குற்றம். ஒரு ஆப்பிரிக்கரையோ வீடற்றவரையோ அடித்துக் கொன்றால் அது கணக்கில் வராமலே போகும். இப்போதும் வகைப்படுத்துவது காவல்துறை, அதுவும் விசாரணையின் தொடக்கத்தில். நீதிமன்றம் பின்னால் வேறு முடிவுக்கு வந்தால் அது தானாகத் திரும்பி வந்து எண்ணிக்கையைத் திருத்தாது. பிரான்டன்பர்க் மாநிலம் வெளி ஆய்வாளர்களை வைத்துப் பழைய கோப்புகளைத் திறந்தபோது 1990-க்குப் பிந்தைய அங்கீகரிக்கப்பட்ட பலிகள் ஒன்பதிலிருந்து 18 ஆனார்கள். மியூனிக் வணிக வளாகத்தில் 2016-இல் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றதைப் பவேரியா முதலில் 'கொலைவெறித் தாக்குதல்' என்றே வைத்திருந்தது. 2019-இல்தான் வலதுசாரிக் குற்றமாக மாற்றியது. 1980-இல் மியூனிக்கின் 'அக்டோபர்ஃபெஸ்ட்' விழாவில் நடந்த குண்டுவெடிப்பில் குண்டு வைத்தவனையும் சேர்த்து 13 பேர் இறந்தார்கள். அவன் அந்த ஆண்டு ஜனவரியில் தடைசெய்யப்பட்ட ஹாஃப்மான் படை என்ற நவநாஜிக் குழுவில் பயிற்சி எடுத்தவன். அந்தத் தாக்குதல் வலதுசாரி நோக்கம் கொண்டது என்று தலைமை வழக்கறிஞர் அலுவலகம் சொல்ல 2020 ஆக வேண்டியிருந்தது.

2020 பிப்ரவரி 19 அன்று ஹனாவில் ஒன்பது பேரைக் கொன்றவன் எந்தச் சங்கத்திலும் இல்லாத தனி ஆள். அவனிடம் இருந்தது உரிமம் பெற்ற துப்பாக்கி. சில மாதம் முன்பு தலைமை வழக்கறிஞர் அலுவலகத்துக்கே மனப்பிறழ்வான சதிக் கடிதம் எழுதியவன். அவனைக் காரில் துரத்திக்கொண்டு போன 22 வயது இளைஞர் காவல்துறையின் அவசர எண்ணான 110-ஐ மீண்டும் மீண்டும் அழைத்தார். ஆள் பற்றாக்குறை, எடுக்காத அழைப்பை வேறு நிலையத்துக்குத் திருப்பும் வசதியும் இல்லை. அவரும் சுடப்பட்டார். சங்கத் தடை இங்கே எதற்கும் உதவியிருக்காது. துப்பாக்கி உரிம அலுவலகமும் தொலைபேசி இணைப்பும்தான் உதவியிருக்கும். இப்போது உரிமம் தரும்போது உளவுத்துறையிடம் கட்டாயம் கேட்கிறார்கள்.

ஜெர்மனியில் வாழும் நம் ஆட்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் நடைமுறை விவரம் கொஞ்சம். தாக்கப்பட்டாலோ மிரட்டப்பட்டாலோ முதல் வாக்குமூலத்திலேயே அவர்கள் என்ன வசைச்சொல் சொன்னார்கள், என்ன சின்னம் அணிந்திருந்தார்கள் என்பதைச் சொன்ன ஜெர்மன் சொல்லிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். 'தகராறு' என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாமல் திருத்தச் சொல்லுங்கள். இது மான அவமானத்துக்காக இல்லை. வசைக்கும் சிறு அடிதடிக்கும் 'பொதுநலன் இல்லை, நீங்களே தனி வழக்குப் போடுங்கள்' என்று அரசு வழக்கறிஞர் கைகழுவ முடியும். இனவெறி நோக்கம் கோப்பில் இருந்தால், பொதுநலன் உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அவருடைய விதிமுறை. வழக்கின் தலையெழுத்தே அந்த ஒரு வரியில் மாறும்.

ஜெர்மன் போதாவிட்டால் உங்களுக்குப் புரியும் மொழியில் புகார் கொடுக்க உதவி பெறும் உரிமை உண்டு. கேட்டால் எழுத்து மூலமான ஒப்புகையும் தர வேண்டும். நம்மூர் சிஎஸ்ஆர் ரசீது மாதிரி. கோப்பு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். அன்றே மருத்துவரிடம் போய்க் காயத்தை அளவோடு எழுதச் சொல்லுங்கள், படம் எடுங்கள், நடந்ததை நேர வரிசையில் நீங்களே எழுதித் தேதி போட்டு வையுங்கள். வழக்கு விசாரணைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகலாம்.

வசை, சாதாரண அடி போன்றவற்றில் புகார் மட்டும் போதாது. வழக்குத் தொடரக் கோரும் தனி மனு வேண்டும். ஆள் யாரென்று தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம் கெடு. புகார் கொடுக்கும்போதே அந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. பலர் தவறவிடுவது இதைத்தான். வழக்கை மூடிவிட்டதாகக் கடிதம் வந்தால் இரண்டு வாரத்துக்குள் மேல் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஆட்சேபம் எழுதலாம். இழப்பீட்டுக்கு பான் நகரிலுள்ள கூட்டாட்சி நீதி அலுவலகத்தில் தனி விண்ணப்பம் உண்டு. வழக்கில் துணை வாதியாகச் சேர்ந்தால் உங்கள் வழக்கறிஞர் கோப்பைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: எதிரியின் வழக்கறிஞரும் கோப்பைப் பார்ப்பார். எனவே வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். ஆபத்து இருக்கிறது என்று சொல்லி, பாதிக்கப்பட்டோர் ஆலோசனை மையம் ஒத்துக்கொண்டால் அந்த மையத்தின் முகவரியைக் கொடுக்கலாம். அழைப்பாணை அங்கே வந்து சேரும். இதை வாக்குமூலம் தொடங்குமுன் சொல்ல வேண்டும். தட்டச்சாகிக் கோப்பில் ஏறிய பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு.